எழுதாமல் விட்ட ஓட்டங்கள்

2010-ஆம் ஆண்டு பிப்ரவரி 24-ஆம் தேதி, குவாலியர் மைதானத்தில் தென் ஆப்பிரிக்காவை எதிர்த்து ஆடிய சச்சின் டெண்டுல்கர், கடைசி ஓவரில் ஒரு பந்தைத் தட்டிவிட்டு ஓடி இருநூறாவது ஓட்டத்தைப் பூர்த்தி செய்தபோது, ஒருநாள் கிரிக்கெட்டின் சரித்திரத்திலேயே இரட்டைச் சதம் கண்ட முதல் மனிதர் அவரே என்று பல பத்திரிகைகளும் தொலைக்காட்சிகளும் ஆனந்தத்தோடு அறிவித்தன. அந்த ஆனந்தத்தில் எனக்கு எவ்வித ஆக்ஷேபமும் இல்லை, செய்தியில்தான் ஆக்ஷேபம். அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கும் முன்னதாக, 1997 டிசம்பர் 16 அன்று, பெண்களுக்கான உலகக் கோப்பைப் பந்தயத்தில், ஆஸ்திரேலிய அணியின் தலைவி பெலிண்டா கிளார்க், டென்மார்க் அணிக்கெதிராக 155 பந்துகளில் 229 ஓட்டங்கள் எடுத்து, கடைசிவரை ஆட்டமிழக்காமல் நின்றிருந்தார். அந்த ஆட்டம் நடந்ததும் ஏதோ தூர தேசத்தில் அல்ல. நம்முடைய மும்பையில், பாந்த்ரா பகுதியில் உள்ள ஒரு மைதானத்தில்.

டென்மார்க் பலவீனமான அணி, அதற்கெதிராக எடுத்த ஓட்டங்களை எப்படிக் கணக்கில் கொள்வது என்று கேட்பவர்கள் உண்டு. ஆஸ்திரேலியா மூன்று விக்கெட் இழப்பிற்கு 412 ஓட்டங்கள் குவித்துவிட்டு, எதிரணியை 49 ஓட்டங்களுக்குள் சுருட்டிய ஆட்டம் அது என்பதால் அந்தக் கேள்வியில் நியாயமும் உண்டு. ஆனால் 2010-இல் நம் பத்திரிகாசிரியர்கள் டென்மார்க்கின் பலத்தைத் தராசில் நிறுத்துப் பார்த்து, போதாதென்று முடிவு கட்டி, கிளார்க்கின் பெயரை நீக்கிவிடவில்லை. அப்படி ஓர் ஆட்டம் நடந்ததே பெரும்பாலோரின் நினைவில் இல்லை. 2023-இல் சிட்னி கிரிக்கெட் மைதானத்தின் வாசலில் கிளார்க்குக்குச் சிலை வைத்தார்கள். கிரிக்கெட் ஆடிய பெண் ஒருவருக்கு எழுந்த முதல் சிலை அது என்று சொல்லப்படுகிறது.

பெண்களின் விளையாட்டைப் பற்றி ஏன் இவ்வளவு குறைவாக எழுதுகிறீர்கள் என்று பத்திரிகை உலகத்தாரைக் கேட்டால், முதலில் வரும் சமாதானம் காமிரா இல்லை என்பது. நேரடி ஒளிபரப்பு கிடையாது, புகைப்படம் வருவதில்லை, செய்தி ஸ்தாபனங்கள் அனுப்பும் தந்திக் குறிப்பில் ஓட்ட எண்ணிக்கைக்கு மேல் ஒன்றும் இருப்பதில்லை. இதை வைத்துக்கொண்டு பக்கத்தை எப்படி நிரப்புவது என்பார்கள். இந்தச் சமாதானத்தைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கபில் தேவின் ஞாபகம் வரும். 1983 ஜூன் 18 அன்று, இங்கிலாந்தின் டன்பிரிட்ஜ் வெல்ஸ் மைதானத்தில், இந்தியா ஐந்து விக்கெட்டுகளை இழந்து வெறும் 17 ஓட்டங்களோடு தத்தளித்த வேளையில் களத்தில் நின்ற அவர், ஜிம்பாப்வேக்கு எதிராக 175 ஓட்டங்கள் எடுத்தாரே, அந்த ஆட்டத்துக்குத் தொலைக்காட்சிக் காமிரா ஒன்றும் வரவில்லை. அதன் சலனப்படம் இன்றுவரை வெளிவந்ததில்லை. இருந்தும், மைதானத்தின் ஓரத்தில் பூத்திருந்த ரோடோடென்ட்ரான் புதர்கள்வரை நமக்குத் தெரியும். அங்கே இருந்தவர்கள் எழுதினார்கள். இல்லாதவர்கள் இருந்தவர்களைக் கேட்டு எழுதினார்கள். தாத்தா பேரனுக்குச் சொல்லும் கதையாக அது ஆகிவிட்டது.

2002 ஆகஸ்டில், அதே இங்கிலாந்தின் டான்டன் நகரில், பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி ஏறக்குறைய பத்து மணி நேரம் களத்தில் நின்று 214 ஓட்டங்கள் எடுத்தாள். பெண்கள் டெஸ்ட் கிரிக்கெட்டில் அதற்குமுன் எவரும் எட்டாத எண்ணிக்கை அது; 2004-இல் பாகிஸ்தானின் கிரண் பலூச் 242 எடுத்து முறியடிக்கும்வரை உலக சாதனையாகவும் நிலைத்தது. அந்தப் பெண் மிதாலி ராஜ். ஜோத்பூரில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, ஹைதராபாத்தில் வளர்ந்தவர். டான்டனில் மழை இருந்ததா, எந்தப் பந்துவீச்சு அவரை அதிகம் சோதித்தது, நூற்றைம்பதைத் தாண்டிய பிறகு கால்கள் ஓய்ந்தபோது எப்படி ஓட்டங்களைப் பங்கிட்டுக்கொண்டார் என்பதெல்லாம் நம் வீட்டுப் பையன்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? டன்பிரிட்ஜ் வெல்ஸிலும் காமிரா இல்லை. அங்கே பேனா இருந்தது என்பதே வித்தியாசம்.

இத்தனை சொன்னாலும், காமிராவை அடியோடு அலட்சியம் செய்துவிடவும் முடியாது. ஏனெனில் இன்றைய கிரிக்கெட்டில் காமிரா வெறும் பார்வையாளராக இல்லாமல், நியாயஸ்தலத்தில் சாட்சி சொல்லும் ஸ்தானத்தில் அமர்ந்திருக்கிறது. 2017-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் நடந்த பெண்கள் உலகக் கோப்பையின் 31 ஆட்டங்களில் பத்து மட்டுமே தொலைக்காட்சியில் முழு ஏற்பாட்டோடு ஒளிபரப்பாயின. மற்றவை இணையத்தில் சொற்பக் காமிராக்களைக் கொண்டு காட்டப்பட்டன. நடுவரின் தீர்ப்பை மறுபரிசீலனை செய்யக் கோரும் உரிமையும் அந்தப் பத்து ஆட்டங்களுக்கு மட்டுமே கிடைத்தது. பந்து மட்டையில் பட்டது, நடுவர் கவனிக்கவில்லை, எல்.பி.டபிள்யூ. கொடுத்துவிட்டார் என்றால், ஒளிபரப்பு உள்ள ஆட்டத்தில் ஆட்டக்காரி முறையிடலாம். இல்லாத ஆட்டத்தில் தலையைக் குனிந்துகொண்டு பெவிலியனுக்குத் திரும்ப வேண்டும். ஒளிபரப்பு நிறுவனத்தின் வரவுசெலவுக் கணக்கு ஓர் ஆட்டக்காரியின் விக்கெட்டையும் நிர்ணயிக்கும் என்பதை விளையாட்டுப் பக்கங்களில் யாராவது விஸ்தாரமாக விளக்கியிருந்தால், வாசகர்கள் அந்தப் பந்தயத்தை இன்னும் சற்று உன்னிப்பாகப் பார்த்திருப்பார்கள் என்பது என் அபிப்பிராயம்.

ஜனங்களுக்கு ருசி இல்லை, ஆகையால் போடுவதில்லை என்பது இரண்டாவது சமாதானம். ருசி எங்கிருந்து வருகிறது? ஓர் ஆட்டத்துக்கு முந்தைய வாரமே இரு அணிகளின் பழம்பகையையும், ஆடுகளத்தின் குணத்தையும், காயம்பட்டவர்களின் பெயரையும் படித்துப் படித்துத்தானே வாசகன் அந்த நாளுக்காகக் காத்திருக்கிறான். அமெரிக்காவில், தெற்குக் கலிபோர்னியா, பர்டியூ ஆகிய பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த ஆய்வாளர்கள், 1989 முதல் ஐந்தாண்டுக்கொருமுறை லாஸ் ஏஞ்சலிஸ் தொலைக்காட்சிகளின் விளையாட்டுச் செய்தியைக் கடிகாரம் வைத்து அளந்து வருகிறார்கள். ஆரம்பத்தில் பெண்களுக்குக் கிடைத்த நேரம் நூற்றுக்கு ஐந்து பங்கு. முப்பது ஆண்டுகள் கழித்து 2019-இலும் ஐந்தரைக்குள்தான். அவர்கள் கவனித்த இன்னொரு விஷயம் எனக்கு அதைவிட முக்கியமாகப் படுகிறது: முன்பெல்லாம் பெண்களைக் கேலியாகவும் அழகுப் பதுமைகளாகவும் காட்டிய அறிவிப்பாளர்கள், அந்தக் கெட்ட பழக்கத்தை விட்டுவிட்டு, மரியாதையாக, ஆனால் உப்புச்சப்பில்லாமல், ஆடவர் ஆட்டத்துக்குக் கூட்டும் பரபரப்பில் கால்பங்குகூட இல்லாமல், எண்களை வாசித்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்களாம். கேலி போய்விட்டது; சுவாரஸ்யம் வரவில்லை.

நம் பக்கத்தில் குறை வேறு விதமானது. நாம் எண்களோடு நிறுத்திக்கொள்வதில்லை, கண்ணீருக்குப் போய்விடுகிறோம். பெண் ஒருத்தி பதக்கம் வாங்கினால், அவளுடைய தகப்பனாரின் தொழில், வீட்டின் ஓட்டுக் கூரை, அம்மா அடகு வைத்த வளையல், கல்யாணம் எப்போது என்ற விசாரணை ஆகியவை அரைப் பக்கம் வரும். ‘சிங்கப்பெண்’ என்று தலைப்பும் போட்டாகிவிடும். கடைசி ஐம்பது மீட்டரில் அவள் எப்படி முந்தினாள் என்பதற்கு ஒரு வரி மிஞ்சாது. வறுமையைச் சொல்லக்கூடாதென்று நான் கூறவில்லை, அது உண்மையான விஷயந்தான். ஆயினும் ஆடவர் ஒருவர் சதமடித்தால் அவருடைய கவர் டிரைவை வர்ணிக்கிற அதே நிருபர், பெண்ணிடம் வந்ததும் குடும்பக் கதை கேட்க உட்கார்ந்துவிடுவது விசித்திரமாக இருக்கிறது. 2017 உலகக் கோப்பை தொடங்குவதற்குச் சற்று முன்பு, உங்களுக்குப் பிரியமான ஆண் கிரிக்கெட் வீரர் யார் என்று மிதாலி ராஜை ஒரு நிருபர் கேட்டார். உங்களுக்குப் பிரியமான வீராங்கனை யார் என்று ஆண்களிடம் இப்படிக் கேட்பீர்களா என்று மிதாலி திருப்பிக் கேட்டது உலகெங்கும் பேசப்பட்டது. அன்று அவர் எதிரணியைப் பற்றிக் கூறிய விஷயங்களை எவரும் பிரஸ்தாபித்ததாகத் தெரியவில்லை.

கதை கேட்கும் ஆசை எல்லை மீறினால் கொடுமையாகவும் முடியும். புதுக்கோட்டை மாவட்டத்துக் கத்தக்குறிச்சியைச் சேர்ந்த சாந்தி சௌந்தரராஜன், 2006 டிசம்பரில் தோஹா ஆசிய விளையாட்டுப் போட்டியின் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வென்ற சில தினங்களுக்குள், மருத்துவர்களுக்கும் அவருக்கும் மட்டுமே உரியதாயிருந்திருக்க வேண்டிய ஒரு பரிசோதனை முடிவு தொலைக்காட்சிகளில் ஓடியது. பதக்கம் பறிபோயிற்று. அந்த ஓட்டத்தைப் பற்றி, செங்கல் சூளை வேலைக்குப் போன குடும்பத்திலிருந்து வந்த ஒரு பெண் 800 மீட்டருக்குத் தேவையான மூச்சையும் வேகத்தையும் எப்படிச் சம்பாதித்தார் என்பதைப் பற்றி, நம்மில் யாரும் பொறுமையாக எழுதவில்லை.

மைசூரில் 2014 நவம்பரில் நடந்ததைச் சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை. தென் ஆப்பிரிக்காவுடனான டெஸ்டில், சென்னையைச் சேர்ந்த இடக்கை ஆட்டக்காரி திருஷ் காமினி 192 ஓட்டங்கள் எடுத்தார். பூனம் ராவுத்துடன் இரண்டாவது விக்கெட்டுக்கு 275 ஓட்டங்கள் சேர்த்தார். இந்தியா ஓர் இன்னிங்ஸும் 34 ஓட்டங்களும் மிச்சம் வைத்து வென்றது. உலகக் கோப்பையில் சதமடித்த முதல் இந்தியப் பெண்ணும் இவர்தான். அது 2013 ஜனவரியில், மும்பை பிரபோர்ன் மைதானத்தில். முதலில் அந்தப் பந்தயத்துக்கு வான்கடே மைதானத்தையே நிச்சயித்திருந்தார்கள். ஆனால் அதே நாட்களில் ஆடவர் ரஞ்சிக் கோப்பை இறுதியாட்டம் குறுக்கிட்டபடியால், உலகக் கோப்பைதான் இடம் மாறியது! சென்னையில் தெருவுக்குத் தெரு கிரிக்கெட் பேசுகிறார்கள். இருநூறுக்கு எட்டு ஓட்டங்கள் குறைவாக நின்ற அந்த மைசூர் ஆட்டம் பேச்சில் வந்து நான் கேட்டதில்லை.

2017 உலகக் கோப்பையின் இறுதியாட்டத்தை லார்ட்ஸ் மைதானம் நிறைந்த ஜனத்திரள் பார்த்தது. 229 ஓட்டங்களைத் துரத்திய இந்தியா, மூன்று விக்கெட்டுக்கு 191 என்ற சௌகரியமான நிலையிலிருந்து சரிந்து ஒன்பது ஓட்டங்களில் தோற்றது. அந்தத் தோல்விக்குப் பிறகுதான் நம் பத்திரிகைகள் விழித்துக்கொண்டன. 2023-இல் தொடங்கிய பெண்கள் பிரீமியர் லீகின் ஒளிபரப்பு உரிமை ஐந்தாண்டுகளுக்கு 951 கோடி ரூபாய்க்கு விலைபோயிற்று. 2025 நவம்பர் 2 அன்று நவி மும்பையில் தென் ஆப்பிரிக்காவை 52 ஓட்டங்களில் வென்று ஹர்மன்பிரீத் கவுரின் அணி உலகக் கோப்பையைக் கையில் ஏந்தியபோது, முதல் பக்கத்தில் இடம் தேடி எவரும் சிபாரிசு செய்ய வேண்டியிருக்கவில்லை. ஷஃபாலி வர்மாவின் 87 ஓட்டங்களையும், அரைச் சதம் அடித்துவிட்டு ஐந்து விக்கெட்டையும் வீழ்த்திய தீப்தி சர்மாவையும் பற்றி நிருபர்கள் பந்து பந்தாக எழுதினார்கள். ஆட்டத்தை ஆட்டமாக எழுதினால் வாசகன் படிக்கிறான் என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டியதில்லை.

மிஞ்சியிருப்பது பழைய கடன். பெண்களின் உலகக் கோப்பை 1973-இல், ஆடவர் உலகக் கோப்பைக்கு இரண்டு ஆண்டுகள் முன்பே தொடங்கியது. 1976 நவம்பரில் பாட்னாவில் மேற்கிந்தியத் தீவுகளைத் தோற்கடித்து இந்தியப் பெண்கள் முதல் டெஸ்ட் வெற்றியைக் கண்டார்கள். சென்னையில் பிறந்து கர்நாடகத்துக்காக ஆடிய சாந்தா ரங்கசாமிதான் அணித் தலைவி. முன்பதிவு இல்லாத ரயில் பெட்டிகளில் பிரயாணம் செய்ததையும் தரையில் படுத்துறங்கியதையும் அவர் சொல்லி நாம் பலமுறை பிரசுரித்துவிட்டோம். அடுத்த ஜனவரியில் நியூசிலாந்தின் டுனெடினில் அவர் எடுத்த 108, இந்தியப் பெண் ஒருவரின் முதல் டெஸ்ட் சதம். அதில் முதல் ஐம்பது வர எவ்வளவு நேரமாயிற்று, எந்தப் பக்கத்துக் காற்று பந்துவீச்சுக்கு உதவியது, எந்தப் பந்துவீச்சாளரை அவர் ஜாக்கிரதையாக ஆடினார் என்பதை அவரே சொல்ல முடியும்; இன்றும் கிரிக்கெட் விஷயங்களில் அபிப்பிராயம் கூறிக்கொண்டுதான் இருக்கிறார். ரயில் பெட்டியைப் பற்றிக் கேட்காத ஒரு நிருபருக்கு, அதை எழுதிக்கொள்ள ஒரு பிற்பகல் போதும்.