கிட்டார் பிரிட்ஜ் ஒட்டுவது எப்படி: ஒரு சின்னக் குறிப்பு

அப்பா வாங்கித் தந்த கிட்டாரில் பிரிட்ஜின் பின்விளிம்பு தூக்கிக்கொண்டது; இடுக்கில் ஒரு தாளே நுழைந்தது. அவசரத்தில் சூப்பர் குளூ விட்டு அழுத்தினேன். பத்து நாள்கூட நிக்கல. மேற்பலகையின் சிராயையும் சேர்த்துப் பிய்த்துக்கொண்டு வந்துவிட்டது.

யோசித்தால் நியாயம்தான். 6 எஃகுத் தந்திகளும் சேர்ந்து சுமார் 70 கிலோ இழுக்கின்றன. பழைய பசை மேல் புதுப் பசை சரியாகப் பிடிக்காது. மரம் மரத்தைத் தொடணும்.

இம்முறை பழைய பசையைச் சுரண்டி, சிராயை அதன் இடத்திலேயே ஒட்டி, சூடான வச்சிரம் தடவி, ஆறுமுன் கிளாம்ப் போட்டேன். ஒரு நாள் முழுக்கத் தொடவில்லை. அதற்குப் பிறகே தந்தி.

ஏன் வச்சிரம்? தோலிலிருந்து காய்ச்சும் இந்தத் தச்சுப் பசை, சூடும் ஈரமும் பட்டால் இளகும். ரிப்பேர்ல நான் கத்துக்கிட்ட முதல் பாடம் இதுதான்: பின்னால் பிரிக்கப்போகிறவருக்கும் வழி விட்டு ஒட்டணும்.