சென்னை டூ யாழ்ப்பாணம்: தூரம் 354 கி.மீ.தான்... விமானத்துக்கு ஏன் ஒன்றேகால் மணி நேரம்?

சென்னை மீனம்பாக்கத்தில் இருந்து யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்துக்கு நேர்கோட்டில் அளந்தால் சுமார் 354 கிலோமீட்டர். காரில் திருச்சி போகிற தூரத்தை விடக் கொஞ்சம்தான் அதிகம். ஆனால் டிக்கெட்டில் பயண நேரம் ஏறக்குறைய 1 மணி 15 நிமிடம் என்று போட்டிருக்கும். பக்கத்துல இருக்குற ஊருக்கு இவ்ளோ நேரமா?

முதலில் தூரக் கணக்கு. ஒரு இணையதளம் 220 என்கிறது, இன்னொன்று 191 என்கிறது. இரண்டுமே சரிதான். 220 என்பது மைல், 191 என்பது விமானிகள் பயன்படுத்தும் கடல் மைல். ஒரு கடல் மைல் 1.852 கி.மீ.

அடுத்து நேரம். இந்தத் தடத்தில் பறப்பது ஏடிஆர் 72 ரகம். இறக்கையில் விசிறி சுழலும் சிறிய விமானம், மணிக்கு சுமார் 500 கி.மீ. வேகம். அப்படிப் பார்த்தால் 43 நிமிடத்தில் போய்விடலாமே? முடியாது. டிக்கெட்டில் உள்ள நேரம் வானத்தில் பறக்கும் நேரம் மட்டுமல்ல. விமானம் நிற்கும் இடத்தை விட்டு நகர்ந்ததில் இருந்து, இறங்கிப் போய் நிற்கும் வரை மொத்தமும் அதில் சேரும். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, வரிசையில் காத்திருப்பது, மெதுவாக மேலேறுவது, இறங்கும் முன் வேகத்தைக் குறைப்பது என எல்லாம் கணக்கு.

அதனால்தான் குறுகிய தடங்களில் தூரம் பாதியானாலும் நேரம் பாதியாவதில்லை. திருச்சி - பலாலி நேர்கோட்டில் 185 கி.மீ. அளவுதான். அதற்கும் ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஒதுக்குகிறார்கள்.

சரி, இதில் என்ன லாபம்? நேரடி விமானம் இல்லாத காலத்தில் கொழும்பு போய்த்தான் யாழ்ப்பாணம் வரணும். சென்னை - கொழும்பு நேர்கோடு கிட்டத்தட்ட யாழ்ப்பாணத்தின் தலைக்கு மேலேயே போகிறது! சொந்த ஊரைத் தாண்டிப் பறந்து, கட்டுநாயக்காவில் இறங்கி, பஸ்ஸிலோ வேனிலோ 350 கி.மீ.க்கு மேல் திரும்பி வடக்கே வரணும். கல்யாணம் என்றால் பரவாயில்லை, சாவு வீட்டுக்குக் கிளம்பியவர்களுக்கு அந்த ஆறேழு மணி நேரம் ரொம்பப் பெரிசு.

இத்தனைக்கும் இது புதுத் தடம் இல்லை. 1947 டிசம்பரில் ஏர் சிலோனின் முதல் விமானமே இரத்மலானையில் இருந்து யாழ்ப்பாணம் வழியாகத்தான் மெட்ராஸ் வந்தது. பின்னர் போர்க்காலத்தில் பலாலி ராணுவத்தின் கைக்குள் இருந்தது. 2019 அக்டோபரில் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டு, நவம்பரில் அலையன்ஸ் ஏர் பறக்கத் தொடங்கியது. சில மாதங்களில் கொரோனா வந்து நிறுத்தியது. 2022 டிசம்பரில் மறுபடியும் தொடங்கியது. 2024 செப்டம்பரில் இண்டிகோவும் சென்னையில் இருந்து வந்தது. 2025 மார்ச் இறுதியில் திருச்சியும் சேர்ந்தது.

இரு நாடுகளுக்கும் ஒரே நேரம் என்பதால் கடிகாரத்தை மாற்ற வேண்டாம். ஆனால் இது வெளிநாட்டுப் பயணம். பாஸ்போர்ட், விசா அனுமதி, குடியுரிமைச் சோதனை எல்லாம் உண்டு. மூன்று மணி நேரம் முன்னாடியே விமான நிலையம் போய்விடுவது நல்லது. பலாலியில் இறங்கிய பிறகு யாழ் நகருக்கு இன்னும் 15 கி.மீ.க்கு மேல் சாலையில் போகணும்.