பர்கூர் மலையின் மேய்ச்சல் தாங்குதிறன்

ஈரோடு மாவட்டப் பர்கூர் மலையின் நாட்டின மாடுகள் காட்டுப் பட்டிகளில் தங்கி மேய்கின்றன. புல்லும் மரமும் கலந்த நிலம், தான் நலியாமல் எத்தனை மாடுகளைப் புரக்கும் என்பதே மேய்ச்சல் தாங்குதிறன். ஓர் எக்டேரில் ஆண்டுக்கு 3,000 கிலோ உலர்புல் விளைவதாகக் கொள்வோம். மறுவளர்ச்சிக்குப் பாதியை விட்டால், நாளொன்றுக்கு 6.25 கிலோ உண்ணும் ஒரு மாட்டிற்கு எஞ்சியது 240 நாள்களுக்கே போதும். மீதி 125 நாள்களை மரங்களின் தழையும் காயும் ஈடுசெய்ய வேண்டும். நிழல் அடர்ந்தாலும் உண்ணிச்செடி பரவினாலும் புல் குறையும். சரிவும் நீர்த்தொலைவும் மாடு எட்டும் பரப்பைச் சுருக்கும். எனவே கோடைத் தீவனமே தாங்குதிறனின் எல்லை. 2006ஆம் ஆண்டு வனவுரிமைச் சட்டம் மேய்ச்சலுரிமையை ஏற்கிறது. 2024இல் இங்குத் தந்தை பெரியார் வனவிலங்குச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. இரண்டிற்கும் இடையிலான முடிவு இக்கோடைக் கணக்கின்மேல் அமைதல் வேண்டும்.