பாபநாசம் அருவி: ஓர் அச்சுப்படத்தை வாசித்தல்

பாபநாசம் அருவியின் பழைய படம் ஒன்றை உங்களில் சிலர் பார்த்திருக்கக்கூடும். இருபுறமும் பாறையும் காடும், நடுவில் வெள்ளையாக இறங்கும் தண்ணீர். அதன் நகலைச் சட்டம் போட்டு மாட்டியிருப்பவரைக் கேட்டால், 'பழைய வாட்டர்கலர் சார், வெள்ளைக்காரன் வரைஞ்சது' என்பார். உள்ளூர்க்காரர் என்றால் கொஞ்சம் பெருமையும் சேர்ந்துகொள்ளும்: எங்க ஊரு அருவி அந்தக் காலத்துலயே லண்டன் போயிருக்கு. பெருமையில் தப்பில்லை. ஆனால் 'வாட்டர்கலர்' என்பது பாதிதான் உண்மை. 'வரைஞ்சது' என்பதும் பாதிதான் உண்மை. மீதிப் பாதியில்தான் நமக்கு வேலை இருக்கிறது.

படத்தை உண்டாக்கியவர்கள் தாமஸ் டேனியலும் அவருடைய உடன்பிறந்தார் மகன் வில்லியம் டேனியலும். 1786இல் கல்கத்தா வந்து சேர்ந்து, 1792இல் தென்னாட்டுப் பயணம் கிளம்பி, தாமிரபரணி மலையை விட்டுச் சமவெளிக்கு இறங்குகிற இடம்வரை வந்தார்கள். அங்கே எடுத்துக்கொண்டது கோட்டுச்சித்திரம். அது லண்டனில் அச்சுப்படமாக வெளியானது 1804இல். 144 படங்கள் கொண்ட 'ஓரியண்டல் சீனரி' என்ற பெரும் வெளியீட்டில் இதுவும் ஒன்று. முழு வெளியீட்டின் விலை 210 பவுண்டு. யார் வீட்டுச் சுவருக்காக, யார் வீட்டு நூலகத்துக்காக இது அச்சாயிற்று என்பதை அந்த விலையே சொல்லிவிடும்.

அச்சிட்ட முறையைத் தெரிந்துகொள்வது முக்கியம். இதற்கு அக்வாடிண்ட் என்று பெயர். செப்புத் தகட்டின் மேல் குங்கிலியம் போன்ற பிசின்தூளைச் சன்னமாகத் தூவிச் சூடுகாட்டுவார்கள். தூள் தகட்டில் ஒட்டிக்கொள்ளும். பிறகு அமிலத்தில் இறக்கினால், தூளுக்கு இடையிலுள்ள செம்பை அமிலம் அரிக்கும். கூடுதல் நேரம் அரித்த இடம் ஆழமாகும், கூடுதல் மை பிடிக்கும், இருட்டாகும். எந்த இடம் வெளிச்சமாக இருக்க வேண்டுமோ அந்த இடத்தில் முதலிலேயே வார்னிஷ் பூசி அமிலத்திடமிருந்து மறைத்துவிடுவார்கள். அடுத்த வெளிச்சத்துக்கு அடுத்த பூச்சு, மறுபடி அமிலம். இப்படியே படிப்படியாகப் போகும். மை பூசி அச்சிட்ட தாளின் மேல் கடைசியில் கையால் நீர்வண்ணம் தீட்டுவார்கள். பார்ப்பவருக்கு அது வாட்டர்கலர் ஓவியமாகவே தோன்றும்.

ஆக, இந்த முறையில் வெளிச்சம் என்பது போட்டது அல்ல, மறைத்து மிச்சம் பிடித்தது. இருட்டு, அரித்துக் கிடைத்தது. படம் அழகாக இருக்கிறது என்றால், எதை அரிக்கவிட்டோம், எதன் மேல் வார்னிஷ் பூசினோம் என்ற தேர்வுகளால் ஆன அழகு அது. இதை உவமையாகச் சொல்லவில்லை. தொழில்நுட்பமே இப்படித்தான் வேலை செய்கிறது. ஆனால் தொழில்நுட்பத்தோடு மட்டும் விஷயம் நின்றுவிடவில்லை.

கோட்டுச்சித்திரத்துக்கும் அச்சுக்கும் இடையில் 12 வருஷம். அந்த 12 வருஷத்தில் திருநெல்வேலிச் சீமையில் என்ன நடந்தது? 1792ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி பாளையக்காரர்களிடம் கப்பம் வசூலிக்கிற அதிகாரம் நவாபிடமிருந்து கம்பெனியின் கைக்கு வந்தது. 1799இல் கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டார்கள். 1801இல் இரண்டாவது பாளையக்காரர் போர். ஊமைத்துரையும் மருது சகோதரர்களும் தூக்கிலிடப்பட்டார்கள். அதே 1801 ஜூலையில் கர்நாடகம் முழுவதும் கம்பெனிக்குக் கைமாறியது. இத்தனைக்கும் பிறகு 1804இல் வந்த படத்தில் அருவி பாட்டுக்கு விழுந்துகொண்டிருக்கிறது.

டேனியல்கள் உளவாளிகள் என்று நான் சொல்ல வரவில்லை. அது மலிவான வாதம். அவர்கள் உழைப்பாளிகள், திறமைசாலிகள். செப்புத் தகட்டில் இந்த வேலையைக் கற்று, தாங்களே செய்தவர்கள். பிரச்சினை அவர்களுடைய மனசில் இல்லை, அவர்கள் கையோடு கொண்டுவந்த சட்டகத்தில் இருக்கிறது. இங்கிலாந்தில் அப்போது 'பிக்சரெஸ்க்' என்ற அழகியல் கொடிகட்டிப் பறந்தது. அதைக் கோட்பாடாக எழுதிய வில்லியம் கில்பினின் கட்டுரைகள் வெளியானதும் இதே 1792இல்தான். முன்னால் கரடுமுரடான இருட்டு, பக்கங்களில் திரை மாதிரி மரங்கள், நடுவில் வெளிச்சம், தூரத்தில் மலை. இந்தச் சட்டகத்தில் மனிதருக்கும் இடமுண்டு, சின்னதாக. பாறை எத்தனை பெரிசு என்று காட்டும் அளவுகோலாக அவர் நிற்பார். அவருக்குப் பெயர் கிடையாது, கதை கிடையாது.

கதையே இல்லாத காடா அது? அருவிக்கு மேலே, காரையாறு பக்கம், சொரிமுத்து அய்யனார் கோயில். அங்கே பட்டவராயன் சன்னதியில் நேர்த்திக்கடனாகச் செருப்பு வைக்கிறார்கள். பட்டவராயன்தான் வில்லுப்பாட்டில் வருகிற முத்துப்பட்டன். பிராமணன். வாலப்பகடையின் மகள்கள் பொம்மக்கா, திம்மக்கா மேல் ஆசைப்பட்டான். சக்கிலியர் வீட்டு மருமகனாக வேண்டுமென்றால் பூணூலை அறுக்கணும், குடுமியை எடுக்கணும், செருப்புத் தைக்கணும் என்றார் மாமனார். அவன் தைத்தான். மாமனாரின் மாட்டுக்கிடையைக் காக்கப் போய்த் திருடர்களோடு சண்டையிட்டுச் செத்தான். பெண்கள் இருவரும் அவனோடு தீப்பாய்ந்தார்கள். கோயிலில் செருப்பு நுழையக் கூடாது என்கிற நாட்டில், செருப்பையே காணிக்கையாக வாங்கும் சாமி உட்கார்ந்திருக்கிற காடு இது. மாடு மேய்ந்த காடு. ஆட்கள் வேலை பார்த்த காடு. சாதி மீறப்பட்ட காடு.

இங்கே ஒரு நியாயமான கேள்வி வரும்: வெள்ளைக்காரன் மறைத்தான், நம்ம ஆட்கள் சொன்னார்கள் என்று கணக்கை முடித்துவிடலாமா? முடியாது. இந்தக் கதையை நா. வானமாமலை பதிப்பித்தபோதே கவனப்படுத்திய விஷயம் ஒன்று உண்டு. பொம்மக்காவும் திம்மக்காவும் உண்மையில் பிராமணக் குழந்தைகள், காட்டில் கிடந்தவர்களை வாலப்பகடை எடுத்து வளர்த்தார் என்று பின்னால் ஒரு பகுதியைச் சேர்த்திருக்கிறார்கள். அந்த ஒரு பூச்சில் மீறல் ஒன்றுமில்லாமல் போகிறது. இனத்துக்குள் இனம் கட்டிய கல்யாணமாகிவிடுகிறது. இதுவும் வார்னிஷ்தான். எந்த இடம் உறுத்துகிறதோ அந்த இடத்தின் மேல் பூசிவிட்டால் அப்புறம் எந்த அமிலமும் தொடாது. லண்டன் பட்டறையில் மட்டுமல்ல, நம் திண்ணையிலும் அந்தக் குப்பி இருந்தது.

ஆனாலும் இரண்டு பூச்சுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. கதையின் மேல் பூசியதைச் செருப்புக் காணிக்கை தினமும் சுரண்டிக்கொண்டே இருக்கிறது. ஆடி அமாவாசைக்குக் குடும்பம் குடும்பமாக அந்தக் காட்டில் வந்து கூடுகிறவர்கள் அதைச் சுரண்டுகிறார்கள். படத்தின் சட்டகமோ சட்டமாகிவிட்டது. 1882இல் சென்னை வனச் சட்டம் வந்தது. அதே பத்தாண்டில் ஆற்றுநீரின் விசையை நம்பிப் பாபநாசத்தில் நூற்பாலை வந்தது. 1944இல் நீர்மின் திட்டம் ஓடத் தொடங்கியது. 1962இல் முண்டந்துறை சரணாலயம், 1988இல் களக்காடு–முண்டந்துறை புலிகள் காப்பகம். நூற்பாலைக்கு ஆறு என்பது விசை. மின்வாரியத்துக்கு அது யூனிட். வனத்துறைக்குக் காடு என்பது ஆள் இருக்கக் கூடாத இடம். அங்கேயே குடியிருக்கும் காணிக்காரர்கள் இந்த மூன்று கணக்கிலும் படத்தின் மூலையில் நிற்கும் சின்ன உருவங்கள்தான். 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் அவர்களை உரிமையுள்ளவர்கள் என்று ஏட்டிலாவது ஒப்புக்கொண்டது. அதற்கு 1882இலிருந்து 124 வருஷம் ஆகியிருக்கிறது.

புலி வேண்டாம் என்பதல்ல நம் வாதம். காடு அழியாமல் இருந்தால்தான் தாமிரபரணி ஓடும், கீழே நெல் விளையும். ஆனால் 'காடு' என்றதும் நம் மனசில் ஆளே இல்லாத பச்சையும் வெள்ளை அருவியும் வருகிறதே, அந்தப் படம் எங்கே அச்சானது என்று ஒருமுறை கேட்டுக்கொள்ள வேண்டும். காலண்டரிலும் சுற்றுலாச் சுவரொட்டியிலும் அதே படம்தான் வேறு வேறு மையில் வந்துகொண்டிருக்கிறது. சுற்றுச்சூழல் பேசும் நம் துண்டுப்பிரசுரங்களின் அட்டையிலும் வருகிறது.

அதற்காகப் படத்தைச் சுவரிலிருந்து கழற்ற வேண்டாம். இருக்கட்டும். வீட்டுக்கு வருகிறவர்களிடம் 'வெள்ளைக்காரன் வரைஞ்சது' என்று சொல்லும்போது, '1792இல் பார்த்தது, 1804இல் அச்சானது' என்று இரண்டு வருஷத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். இடையில் என்ன நடந்தது என்று அவர்கள் கேட்பார்கள். கேட்டால் கயத்தாற்றிலிருந்து ஆரம்பிக்கலாம். கேட்காவிட்டால், அருவிக்கு மேலே ஒரு கோயிலில் சாமிக்குச் செருப்பு வைக்கிறார்கள் என்று சொல்லிப் பாருங்கள்.