முட்டை கிடைக்கும், குஞ்சு கிடைக்குமா?

வண்ண மீன் கடைக்குப் போய், “கோமாளி மீன்ல ஒரு ஆண், ஒரு பெண் கொடுங்க” என்று கேட்டால் எந்தக் கடைக்காரராலும் எடுத்துத் தர முடியாது. தொட்டியில் துள்ளும் அந்த ஆரஞ்சுக் குட்டிகளில் எதுவும் இன்னும் ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை. யாரோடு வாழப்போகிறோம் என்பதைப் பார்த்த பிறகுதான் அவை அதை முடிவு செய்யும்.

கடலில் ஒரு கடல் சாமந்தியின் கொடுக்குகளுக்கு நடுவே நான்கைந்து கோமாளி மீன்கள் குடியிருக்கும். அவற்றில் ஆகப் பெரியது பெண். அடுத்தது ஆண். மற்றவை வளராமல், இனம் பெருக்காமல் காத்திருக்கும். பெண் இறந்துவிட்டால் ஆண் மீன் பெண்ணாகிவிடும். காத்திருந்தவற்றில் பெரியது ஆணாகப் பதவி உயரும். 2003-ல் வந்த ‘ஃபைண்டிங் நீமோ’ இயற்கைப்படி எடுக்கப்பட்டிருந்தால், மனைவியைப் பறிகொடுத்த நீமோவின் அப்பா பாதிப் படத்துக்குள் அம்மாவாகியிருப்பார். குழந்தைகள் படத்துக்கு அது சரிப்பட்டிருக்காது, விடுங்கள்.

வீட்டில் ஜோடி சேர்க்க இந்தக் குணம் ஒன்றே போதும். ஒன்று கொஞ்சம் பெரிதாகவும் மற்றது சிறிதாகவும் இரண்டு குட்டிகளை வாங்கி ஒன்றாக விடுங்கள். பெரியது துரத்தும், துடுப்பைக் கடிக்கும். சிறியது உடம்பை ஒருபக்கம் சாய்த்து வெடவெடவென்று நடுங்கிக் காட்டும். வலிப்பு வந்துவிட்டதோ என்று புதிதாக வளர்ப்பவர்கள் பதறுவார்கள். ‘நீதான் பெரியவள், ஒப்புக்கொள்கிறேன்’ என்பதற்கு அந்த மீன் செய்யும் சைகை அது. நடுக்கம் வந்துவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது. இரண்டும் ஒரே அளவில் இருந்தால்தான் வம்பு, சண்டை ஓயாது. பப்புவா நியூகினியில் இந்த மீன்களை ஆராய்ந்த பீட்டர் பஸ்டன், கீழ்ப்படியில் இருக்கும் மீன் தனக்கு மேலே இருப்பதை எட்டிவிடாதபடி தன் வளர்ச்சியைத் தானே அடக்கி வைத்துக்கொள்கிறது என்று 2003-ல் எழுதினார். அளவு வித்தியாசம்தான் அவற்றின் சமாதான உடன்படிக்கை. அதனால் ஏற்கெனவே பெண்ணாகிவிட்ட இரண்டு பெரிய மீன்களை ஒரே தொட்டியில் விடவே கூடாது.

கடல் சாமந்தி கட்டாயமில்லை. சாய்த்து வைத்த ஒரு மண்தொட்டி போதும். தண்ணீர் 26 முதல் 28 டிகிரி வரை, உப்பின் அடர்த்தி 1.025 சுமாரில், இரண்டும் ஏறி இறங்காமல் இருக்க வேண்டும். பிறகு பொறுமை. குட்டியாக வாங்கினால் முதல் முட்டைக்கு ஒரு வருடத்துக்கு மேலும் ஆகலாம்.

நாள் நெருங்கும்போது மண்தொட்டியின் ஓர் இடத்தை இரண்டும் வாயால் கொத்திக் கொத்திச் சுத்தம் செய்யும். பெண் வயிற்றை அந்த இடத்தில் உரசியபடி மெதுவாக நகர்ந்து முட்டைகளை வரிசையாக ஒட்டவைக்கும். ஆண் பின்னாலேயே போய்க் கருவுறச் செய்யும். அதன்பிறகு காவல் பெரும்பாலும் அப்பா பொறுப்பு. துடுப்பால் விசிறிக்கொண்டே இருப்பார், கெட்டுப்போன முட்டையைத் தின்று தீர்ப்பார், கையை உள்ளே விட்டால் கடிப்பார். ஆரஞ்சு நிற முட்டைகள் நாளாக ஆக இருண்டு, கடைசியில் ஒவ்வொன்றுக்குள்ளும் வெள்ளிக் கண்கள் இரண்டு மின்னும். ஏழு முதல் பத்து நாளில், விளக்கை அணைத்து ஓரிரு மணி நேரத்துக்குள் பொரிந்துவிடும்.

இதுவரை நடந்ததெல்லாம் மீன்களின் சாமர்த்தியம். நம்முடையது இனிமேல்தான். டார்ச்சைத் தொட்டியின் ஒரு மூலையில் காட்டினால் நூலிழைபோன்ற குஞ்சுகள் வெளிச்சத்தை நோக்கித் திரளும். கிண்ணத்தால் தண்ணீரோடு முகந்து தனித் தொட்டிக்கு மாற்ற வேண்டும். மூன்று, நான்கு மில்லிமீட்டர் நீளம்தான். வாய் எவ்வளவு இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். கடையில் விற்கும் பொடித் தீவனம் வேலைக்காகாது. ஆர்ட்டீமியா என்ற உப்புநீர்ச் சிற்றிறாலின் குஞ்சுகூட முதல் சில நாட்களுக்குப் பெரிது. கண்ணுக்குப் புள்ளியாகவே தெரியும் ரோட்டிஃபர் என்ற மிதவை உயிரி வேண்டும், அதுவும் உயிரோடு. அந்த ரோட்டிஃபருக்குத் தீனி நுண்பாசி. ஆக, மீன் வளர்க்க ரோட்டிஃபர் வளர்த்து, ரோட்டிஃபருக்காகப் பாசி வளர்க்க வேண்டும். முட்டையைப் பார்த்த பிறகு இதற்கெல்லாம் ஓடுகிறவர்களின் குஞ்சுகள் பட்டினியில் சாகும். ரோட்டிஃபர் வாளி முதலில், முட்டை பிறகு. புத்தகங்கள் மற்றதையெல்லாம் விரிவாகச் சொல்லிவிட்டு இதை ஒரு பத்தியில் முடித்துவிடுவதுதான் என் மனத்தாங்கல்.

குஞ்சுத் தொட்டியின் சுவர்கள் கருப்பாக இருப்பது நல்லது; இல்லையென்றால் கண்ணாடியின் பளபளப்பை நோக்கிப் போய் முட்டிக்கொண்டே இருக்கும். காற்று குமிழி குமிழியாக மெல்ல வந்தால் போதும். ஒரு வாரம் தாண்டியதும் ஆர்ட்டீமியா கொடுக்கலாம். இரண்டாவது வாரத்தில் வெள்ளைப் பட்டை தெரிய ஆரம்பிக்கும். அதுவரை பிழைத்தது பெரும்பாலும் பிழைத்துவிடும்.

இந்தியாவுக்கு இந்த வித்தை புதிதல்ல. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனமும், பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல்வாழ் உயிரியல் உயராய்வு மையமும் கோமாளி மீன்களைப் பொரிப்பகத்தில் வளர்த்துக் காட்டியிருக்கின்றன. அப்படியிருக்க, பவளப்பாறையிலிருந்து பிடித்துவந்த மீனை வாங்குவதற்கு நியாயமே இல்லை. பிலிப்பைன்ஸ், இந்தோனேசியக் கடல்களில் சயனைடு தெளித்து மீன் பிடித்த கதையெல்லாம் உலகறிந்தது. பொரிப்பகத்து மீன் தொட்டித் தண்ணீருக்கும் தீவனத்துக்கும் பழகியது, சீக்கிரம் சாகாது. பட்டை சில சமயம் பாதியில் நின்றிருக்கும், அவ்வளவுதான். அந்தக் குறையையே அழகாக்கி, விதவிதமான பெயர் வைத்துக் கூடுதல் விலைக்கு விற்கிறார்கள். அதற்கு ஏன் அத்தனை பணம் என்பது எனக்குப் புரியவில்லை.

வாங்கும்போது ‘இது கடலில் பிடித்ததா, பொரிப்பகத்தில் வளர்ந்ததா?’ என்று கேளுங்கள். குஞ்சுகள் மிஞ்சினால் கடைக்கோ, வளர்க்கும் நண்பர்களுக்கோ கொடுங்கள். பாவம் பார்த்து மெரினாவில் கொண்டுபோய் விட்டுவிடாதீர்கள்.