அணை மறித்த உல்லம் மீன்... திரும்பி வந்தால் யாருக்கு லாபம்?

ஆரணி,

கமண்டல நாகநதியில் புதுத்தண்ணி வந்துவிட்டால் போதும், தறியை நிறுத்திவிட்டு வலையும் கையுமாக கிளம்பி விடுவார்கள் சிலர். வெள்ளத்தை எதிர்த்து மேலே ஏறும் கெண்டை, கெளுத்திக்கு 'ஏத்து மீன்' என்று பெயர். முட்டையிட இடம் தேடித்தான் அது ஏறுகிறது. குறுக்கே தடுப்பணை இருந்தால் அங்கேயே முட்டிக்கிட்டு நிற்கும். பிடிப்பவருக்கு கொண்டாட்டம். முட்டையோடு மீனை அள்ளிவிட்டால் அடுத்த வருஷம் மீன் ஏது?

இதே கதை காவிரியில் பெரிய அளவில் நடந்திருக்கிறது.

காவிரி உல்லம்

கடலில் வளர்ந்து, முட்டையிட ஆற்றுக்கு வரும் மீன் உல்லம். வங்காளிகள் உயிரை விடும் 'இலிஷ்' இதுதான். வெள்ளக் காலத்தில் கொள்ளிடம், காவிரி வழியாக கூட்டம் கூட்டமாக ஏறும். 1836-ல் கொள்ளிடத்தில் அணைக்கட்டுகள் வந்தன. ஆற்று அணைகளால் மீன் அழிகிறது என்று பிரான்சிஸ் டே என்ற வெள்ளைக்கார அதிகாரி 1873-லேயே அறிக்கை கொடுத்தார். 1934-ல் மேட்டூர் அணை முடிந்ததும் கடல் நோக்கி பாயும் வெள்ளமும் குறைந்தது. உல்லம் வரத்து படுத்துவிட்டது.

மேட்டூர் அணையில் வளர்ப்பு மீன் கிடைக்கிறதே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் அதற்கு குஞ்சு வாங்கி விட வேண்டும். உல்லத்துக்கு குஞ்சும் வேண்டாம், தீவனமும் வேண்டாம். கடலில் தானே மேய்ந்து, கொழுத்து, வலைக்கு வந்து சேரும். கொல்கத்தாவில் 1 கிலோ எடையுள்ள மீன் ஆயிரம் ரூபாய்க்கு மேல் போகிறது. படகுக்காரர், ஐஸ்காரர், கூடைக்கார அம்மா என்று அத்தனை பேருக்கும் அதில் பங்கு. அணை கட்டும்போது இந்தக் கணக்கை யாரும் எழுதி வைப்பதில்லை.

கங்கையிலும் அப்படித்தான். 1975-ல் பராக்கா தடுப்பணை வந்தது. அதுவரை அலகாபாத் தாண்டி போன மீன் கீழேயே நின்றுவிட்டது. பீகார் மீனவர்களின் பிழைப்பு போச்சு. இப்போது மத்திய உள்நாட்டு மீன்வள ஆராய்ச்சி நிலையம் தடுப்பணைக்கு மேலே உல்லத்தை பிடித்து விட்டு வருகிறது. கப்பல் போகும் மதகை மீனுக்கும் திறந்துவிடும் திட்டம் 2019-ல் அறிவிக்கப்பட்டது.

சும்மா படிக்கட்டு கட்டினால் ஆகாதா? சால்மன் மீன் துள்ளி ஏறும். உல்லம் துள்ளாது.

அணையை இடித்த அமெரிக்கா

அமெரிக்காவில் எல்வா ஆற்றின் 2 அணைகளை 2011 முதல் 2014-க்குள் இடித்தே தள்ளினார்கள். சால்மன் திரும்பியது. 2023-ல் அங்குள்ள பழங்குடியினர் மறுபடியும் அந்த ஆற்றில் மீன் பிடித்தனர்.

இங்கே மேட்டூரை இடிக்க முடியுமா? டெல்டா சோறு அதில் இருக்கிறது. செய்யக்கூடியது, மீன் ஏறும் பருவத்தில் கடல்வரை தண்ணீர் விடுவதும், மதகில் வழி விடுவதும்தான். வங்கதேசத்தில் அக்டோபரில் 22 நாள் பிடிக்கத் தடை. அந்த நாட்களில் மீனவர் வீட்டுக்கு அரசு அரிசி கொடுக்கிறது. அரிசி கொடுக்காமல் வலையை மட்டும் பிடுங்கினால் யார் கேட்பார்கள்?

ஆரணி ஆற்றுத் தண்ணீர் செய்யாற்றில் சேர்ந்து, திருமுக்கூடலில் பாலாற்றில் கலந்து, வாயலூர் அருகே கடலுக்கு போக வேண்டும். 2021 நவம்பர் வெள்ளத்தில் அப்படி போனது. மற்ற மாதங்களில் பாலாற்றில் மணல்தான்.