தோற்றாலும் சிரிக்கிறார் வாத்தியார்!

"மாமாவுக்கு ஞாபகமே இல்லை டாக்டர். அடுப்பிலே பாலை வச்சிட்டு மறந்திடுதாக. சாப்பிட்டாச்சான்னு கேட்டா முழிக்காக. பேச்சும் குறைஞ்சு போச்சு. எனக்குப் பயமா இருக்கு..."

பசுவந்தனையில் என் வைத்தியசாலைக்கு மாமனாரை அழைத்து வந்த மருமகள், கண்ணில் நீர் தளும்பச் சொன்னார். பக்கத்தில் எழுபத்துநாலு வயது மாமனார், யாரைப் பற்றியோ பேசுகிறார்கள் என்பது போல ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். கணக்கு வாத்தியார். ஊரில் பாதிப் பேருக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தவர். அவருக்கா இந்த நிலை?

நாடி பார்த்தேன். விசாரித்தேன். மனைவி இறந்து ஒரு வருஷம் ஆகிறது. அன்றிலிருந்து ராத்திரி தூக்கம் சரியில்லை. சர்க்கரைக்குப் பல வருஷமாக மாத்திரை சாப்பிடுகிறார். காதும் கொஞ்சம் மந்தம்.

வாசகர்கள் இதைக் கவனிக்க வேண்டும். வயதானவருக்கு மறதி வந்தாலே மூளை நோய் என்று முடிவு கட்டிவிடக்கூடாது. மனச்சோர்வு, தூக்கமின்மை, தைராய்டு குறைவு, வைட்டமின் பி-12 குறைவு, காது கேளாமை... இவை எல்லாமே மறதி போல வேஷம் போடும். அதிலும் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரையை நீண்ட காலம் சாப்பிடுகிறவர்களுக்கு பி-12 குறைய வாய்ப்பு உண்டு. நான் சித்த மருத்துவன்தான். பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் படித்தவன். அதற்காக ரத்தப் பரிசோதனை வேண்டாம் என்று சொல்கிற ஆள் இல்லை. எழுதிக்கொடுத்தேன். நினைத்தபடியே பி-12 குறைவாக இருந்தது. அதற்குரிய சிகிச்சைக்கு அவரது சர்க்கரை டாக்டரிடமே அனுப்பினேன்.

ஆனால் ஊசியும் மாத்திரையும் தீர்க்காத இன்னொரு குறை அவரிடம் இருந்தது. அவரோடு பேச ஆள் இல்லை!

"சார், வேலை பார்த்த காலத்திலே பொழுது எப்படிப் போகும்?" என்று கேட்டேன்.

முதல் முறையாக என் முகத்தைப் பார்த்தார். "சாப்பாட்டு மணியிலே செஸ் ஆடுவோம் தம்பி. ரிட்டயர் ஆனப்புறம் பெட்டியைப் பரண்லே போட்டுட்டேன்."

"இன்னைக்கே அதைக் கீழே இறக்குங்கம்மா" என்று மருமகளிடம் சொன்னேன். அன்று நான் கொடுத்த மருந்துகளில் அதுதான் முக்கியமானது.

திண்ணையில் ஒரு போர்க்களம்

பசுவந்தனை கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் பூமி. பசு வந்து வணங்கிய ஊர் என்று பெயருக்குக் காரணம் சொல்வார்கள். கைலாசநாதர் கோயில் இருக்கிற ஊர். வானம் பார்த்த பூமி. புரட்டாசியில் விதைப்பு ஆரம்பித்துவிட்டால் சம்சாரிகளுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. உளுந்து, பாசி, கம்பு, பருத்தி என்று நிலத்தோடேயே கிடப்பார்கள். வெள்ளாமை முடிந்து பங்குனி, சித்திரை வந்துவிட்டால் நிலமும் சும்மா கிடக்கும். மனுஷரும் நிழல் தேடி உட்காருவார்கள்.

அப்படி நிழலுக்கு ஒதுங்கிய எதிர்வீட்டுச் சம்சாரி ஒருவர்தான் வாத்தியாருக்குக் கிடைத்த ஜோடி. அவருக்கும் எழுபதைத் தொட்ட வயது. செஸ் தெரியாது. ஆனால் ஆடு புலி ஆட்டத்தில் சூரர். மூன்று புலி, பதினைந்து ஆடு. தரையில் கரித்துண்டால் கோடு கிழித்தால் போதும். புலி தாண்டி ஆட்டை வெட்டப் பார்க்கும், ஆடுகள் கூடிப் புலியை நகரவிடாமல் கட்டப் பார்க்கும். சின்ன வயசிலிருந்து அதில் ஊறியவருக்கு, குதிரை எப்படித் தாவும், யானை எப்படி ஓடும் என்று கற்றுக்கொள்ள எவ்வளவு நாள் ஆகும்?

இரண்டே மாதம்தான். பிறகு வாத்தியாரையே தோற்கடிக்க ஆரம்பித்துவிட்டார்!

"வாத்தியாரய்யா, ஒங்க ராணி போச்சு!"

"போகட்டும்வே. அவளும் எத்தனை நேரந்தான் இந்தக் கிழவனுக்குக் காவல் இருப்பா?"

தெருவே சிரிக்கும். மருமகள் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருப்பார். மாமனார் சிரித்து ஒரு வருஷம் ஆயிற்றே!

"தோத்தா வருத்தமா இருக்காதா சார்?" என்று நானே ஒருநாள் கேட்டேன்.

"என்ன தம்பி இப்படிக் கேக்கிறீங்க? நான் சொல்லிக்கொடுத்த ஆளு என்னை ஜெயிக்காரு. வாத்தியானுக்கு அதைவிட என்ன இன்க்ரிமென்ட் வேணும்?"

வெற்றி பெரியதுதான், விளையாட்டு அதைவிடப் பெரியது

சதுரங்கத்தில் தமிழ்நாட்டுக்கு இருக்கும் பெருமையைச் சொல்லி மாளாது. 1961-ல் இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டர் ஆனவர் மானுவல் ஆரோன். ஒன்பது முறை தேசிய சாம்பியன். சென்னையில் அவர் 1972-ல் தொடங்கிய தால் செஸ் கிளப்பில் ஆடி வளர்ந்தவர்தான் விசுவநாதன் ஆனந்த். அம்மாவிடம் ஆட்டம் கற்ற ஆனந்த், 1988-ல் இந்தியாவின் முதல் கிராண்ட் மாஸ்டர் ஆனார். பிறகு ஐந்து முறை உலக சாம்பியன். 2022-ல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது பட்டிதொட்டியெல்லாம் வேட்டி கட்டிய 'தம்பி' குதிரை படம்! 2024 டிசம்பரில் சிங்கப்பூரில், பதினெட்டே வயதில் உலக சாம்பியன் ஆனார் சென்னைப் பையன் குகேஷ்.

இதையெல்லாம் பார்த்துவிட்டு, "செஸ் என்றால் ஜெயிக்க வேண்டும், ரேட்டிங் ஏற வேண்டும்" என்று பல பெற்றோர் பிள்ளைகளை விரட்டுகிறார்கள். சாம்பியன்கள் ஆயிரத்தில் ஒருவர். மீதிப் பேர் சந்தோஷத்துக்காக ஆடுகிறவர்கள். அந்த மீதிப் பேருக்கும் இந்த ஆட்டம் சொந்தம்தான்!

மீர் சுல்தான் கான் என்ற பஞ்சாப்காரரின் கதை பலருக்குத் தெரியாது. ஒரு ஜமீன்தாரின் பணியாளாக 1929-ல் லண்டன் போனவர், 1929, 1932, 1933 என்று மூன்று முறை பிரிட்டிஷ் சாம்பியன் ஆனார். பிறகு ஊர் திரும்பி நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டார். 1966-ல் காலமானார். உலகச் சதுரங்க சம்மேளனம் 2024-ல்தான் அவருக்குக் கௌரவ கிராண்ட் மாஸ்டர் பட்டம் கொடுத்தது. பட்டம் இல்லாமலே அவர் வாழ்ந்து முடித்துவிட்டார்!

அவர் முதலில் கற்றது நம் நாட்டுப் பழைய ஆட்டம். அதில் சிப்பாய்க்கு முதல் நகர்விலும் ஒரு கட்டம்தான். ராஜா ஒரே ஒரு தடவை குதிரை போலத் தாவலாம். இதை நான் சொன்னதும் நம் திண்ணை ஜோடிக்கு உற்சாகம் தாங்கவில்லை. செவ்வாய்க்கிழமை தோறும் நாட்டு ஆட்டம் என்று சட்டம் போட்டுவிட்டார்கள்.

ஒருநாள் மயங்கி விழுந்தார்...

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அது நடந்தது. ஒரு சித்திரை மாத மத்தியானம். "வைத்தியரய்யா, ஓடியாங்க! வாத்தியாரய்யா சாஞ்சிட்டாரு!" என்று சம்சாரி வேர்த்து விறுவிறுக்க வந்து நின்றார்.

ஓடினேன். வாத்தியாருக்கு உடம்பெல்லாம் குப்பென்று வியர்வை. கை நடுக்கம். பேச்சு குழறியது. ஆனால் விழிப்பு இருந்தது, விழுங்க முடிந்தது. சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கச் சொன்னேன். கால் மணி நேரத்தில் தெளிந்தார். குளுக்கோமீட்டரில் பார்த்தால், சர்க்கரை கொடுத்த பிறகும் 68 தான் இருந்தது!

என்ன காரணம்? காலையில் மாத்திரையைப் போட்டுக்கொண்டார். "ஒரு ஆட்டம் முடிச்சிட்டுச் சாப்பிடுதேன்" என்று உட்கார்ந்தவர் மூன்று ஆட்டம் ஆடிவிட்டார். மணி பன்னிரண்டரை! சர்க்கரை மாத்திரைகளில் சில, கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைப்பவை. அதைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் ரத்தச் சர்க்கரை இறங்கிவிடும். இன்சுலின் போட்டுக்கொள்கிறவர்களுக்கும் இதே ஆபத்து உண்டு.

இன்னொன்றும் தெரிந்தது. "ஆட்டத்துக்கு நடுவிலே எழுந்திரிக்கக் கூடாதுன்னு ஒண்ணுக்குக்கூடப் போகாம அடக்கிக்கிடுவேன் தம்பி. தண்ணி குடிச்சா எந்திரிக்கணுமேன்னு அதையும் குறைச்சுக்கிட்டேன்" என்றார்.

தலையில் அடித்துக்கொண்டேன்! சித்த மருத்துவம் பதினான்கு வேகங்களைச் சொல்கிறது. சிறுநீர், மலம், பசி, தாகம், தூக்கம், தும்மல், கொட்டாவி, இருமல் போன்ற இயற்கை உந்துதல்கள் அவை. அவற்றை அடக்கினால் நோய் என்பது எங்கள் பாலபாடம். வாத்தியார் ஒரே நேரத்தில் மூன்றை அடக்கியிருக்கிறார். கரிசல்காட்டு வெயிலில் தண்ணீரும் குடிக்காமல், சிறுநீரையும் அடக்கினால் நீர்க்கடுப்பும் கிருமித் தொற்றும் வராமல் என்ன செய்யும்? எழுபது வயதில் பிராஸ்டேட் வீக்கமும் சேர்ந்துகொண்டால் நீர் அடைத்துக்கொள்ளவும் கூடும்.

மருமகள் கோபத்தில், "இனிமே அந்தப் பலகையே வீட்டுல இருக்கக் கூடாது!" என்றார். வாத்தியார் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே... குற்றம் செய்துவிட்டுத் தலைமையாசிரியர் முன்னால் நிற்கும் பையன் மாதிரி இருந்தது.

"பலகை இருக்கட்டும்மா. இந்த ஆட்டம் இல்லேன்னா மாமா மறுபடி ஜன்னலைத்தான் பார்த்துக்கிட்டு இருப்பாங்க. ஆட்டத்துக்குச் சில விதிகளைச் சேர்ப்போம்" என்றேன்.

இப்படி மாட்டிக்கொண்டவர் நம் வாத்தியார் மட்டுமில்லை. அமெரிக்காவின் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் பெரிய சதுரங்கப் பிரியர். 'கவுட்' என்கிற மூட்டு நோயால் அவதிப்பட்டார். 1780-ல் தனக்கும் அந்த நோய்க்கும் நடக்கும் உரையாடலாக ஒரு வேடிக்கைக் கட்டுரை எழுதினார். சாப்பிட்ட பிறகு நடக்காமல் மணிக்கணக்காகச் செஸ் பலகை முன் உட்காருகிறாயே என்று நோயே அவரைத் திட்டுகிறது! அதற்காக அவர் ஆட்டத்தை வெறுத்துவிடவில்லை. சதுரங்கம் கற்றுத்தரும் நல்ல குணங்களைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை 1786-ல் வெளிவந்தது. முன்யோசனை, எச்சரிக்கை, நிலைமை மோசமானாலும் மனம் தளராமை ஆகியவற்றை அதில் சொல்கிறார். எதிராளியை அவசரப்படுத்தாதே, ஜெயித்தால் அலட்டிக்கொள்ளாதே என்றும் சொல்கிறார். எண்பத்துநாலு வயது வரை வாழ்ந்தார்.

திண்ணைச் சதுரங்கத்துக்குப் புது விதிகள்

பெரியவர்கள் செஸ், சீட்டு, கேரம் எதை ஆடினாலும் இவை பொருந்தும். வெட்டி எடுத்துச் சுவரில் ஒட்டி வையுங்கள்.

1. சாப்பிட்ட பிறகே ஆட்டம். மாத்திரை போட்டால் உரிய நேரத்தில் சாப்பாடு. மாத்திரையின் அளவை நீங்களாகக் கூட்டவோ, குறைக்கவோ, நிறுத்தவோ கூடாது.

2. அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து நாலு எட்டு நடங்கள். எதிராளி யோசிக்கிற நேரம் உங்கள் நடை நேரம்! சட்டென்று எழுந்திருக்க வேண்டாம். வெகுநேரம் உட்கார்ந்துவிட்டு எழும்போது ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றலாம். தூணைப் பிடித்து மெதுவாக எழுங்கள்.

3. பக்கத்தில் ஒரு செம்பு தண்ணீர் இருக்கட்டும். உப்புக் குறைத்த நீர்மோரும் நல்லது. இருதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்கள் டாக்டர் சொன்ன அளவுக்கு மேல் குடிக்க வேண்டாம்.

4. சிறுநீர் வந்தால் ஆட்டத்தை நிறுத்துங்கள். ராஜா எங்கும் ஓடிவிட மாட்டார்!

5. சர்க்கரை நோயாளிகள் பையில் குளுக்கோஸ் அல்லது சர்க்கரை வைத்திருங்கள். வியர்வை, நடுக்கம், படபடப்பு வந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடிக்க வேண்டும். பதினைந்து நிமிஷத்தில் சரியாகாவிட்டால் மறுபடி ஒரு தடவை. தெளிந்ததும் சாப்பிட வேண்டும். "பையிலே கோவில்பட்டி கடலைமிட்டாய் இருக்கே" என்று கேட்பீர்கள். அதில் உள்ள கடலையின் எண்ணெய்ச்சத்து சர்க்கரை ரத்தத்தில் ஏறுவதைத் தாமதப்படுத்தும். அவசரத்துக்கு அது உதவாது. நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, உடனே ஆஸ்பத்திரி!

6. ராத்திரி ஒன்பதுக்கு மேல் ஆட்டம் இல்லை. குறிப்பாக செல்போனில். வெளியூர் மகன் போனில் செஸ்ஸைப் போட்டுக்கொடுக்க, நம் வாத்தியார் ஒரு வாரம் நடுராத்திரி வரை முகம் தெரியாதவர்களோடு மோதினார். தூக்கம் கெட்டது, ரத்த அழுத்தம் ஏறியது. "அந்த ஆளுக தோத்தா சிரிக்கிற சத்தமே கேக்கலியே தம்பி" என்று அவரே விட்டுவிட்டார்.

மூளைக்கு நல்லதா?

"செஸ் ஆடினால் மறதி நோய் வராதாமே?" என்று பலர் கேட்கிறார்கள். 2003-ல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் ஓர் ஆய்வு வந்தது. நியூயார்க்கில் எழுபத்தைந்து வயதைத் தாண்டிய 469 பேரைப் பல ஆண்டுகள் கவனித்தார்கள். படிப்பது, பலகை விளையாட்டு, இசைக்கருவி வாசிப்பது, நடனம் ஆகிய பழக்கம் உள்ளவர்களுக்கு மறதி நோய் குறைவாக வந்தது. ஆனால் மூளை நன்றாக இருப்பவர்தானே விருப்பமாக விளையாட உட்காருவார்? ஆகவே செஸ்தான் தடுத்தது என்று அடித்துச் சொல்ல முடியாது. நானும் சொல்லமாட்டேன்.

நான் கண்ணால் கண்டதைச் சொல்கிறேன். வாத்தியாருக்கு இப்போது காலையில் எழுந்திருக்க ஒரு காரணம் இருக்கிறது. "இன்னிக்கு அந்தாளை விடமாட்டேன்" என்று குளித்து முடித்துத் தயாராகிறார். பி-12 சரியானது ஒரு பங்கு என்றால், எதிரே ஒரு மனுஷர் வந்து உட்காருவது இன்னொரு பங்கு. உங்கள் வீட்டுப் பெரியவரிடமும் கேட்டுப் பாருங்கள். பரணில் எந்தப் பெட்டி கிடக்கிறதோ!

புரட்டாசி பிறந்து சம்சாரி விதைப்புக்குப் போய்விட்டால் என்ன செய்வது என்று எனக்குக் கவலை இருந்தது. அதற்கும் வழி கிடைத்தது. அந்த நாட்களில் சம்சாரியின் பேத்தி, ஆறாம் வகுப்புச் சிறுமி, பள்ளிக்கூடம் விட்டதும் தாத்தாவுக்குப் பதிலாக வந்து உட்காருகிறாள்.

போன வாரம் சர்க்கரை பார்க்க வாத்தியார் வந்திருந்தார். எல்லாம் கட்டுக்குள் இருந்தது.

"ஆட்டம் எப்படி சார் போகுது?"

"நேத்து அந்தப் பொடிப்பிள்ளைகிட்டயும் தோத்துட்டேன் டாக்டர் தம்பி" என்று சிரித்தார். எழுந்து வாசல்வரை போனவர், திரும்பி நின்று சொன்னார்:

"ஆனா, சாப்பிட்டுட்டுத்தான் தோத்தேன்!"